பால்மரக் காட்டுக்கு எவ்வளவு வண்ணம் போதும்?

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் ஸ்டுடியோவுக்குப் பால்மரப் (ரப்பர் மரப்) படங்கள் நிறைய வரும். இலை கொட்டும் காலம் அது. மரங்கள் செம்பும் மஞ்சளுமாக நிற்கும். தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்தவர்கள்கூட விடியலில் போய் எடுத்து வருவார்கள்.

இந்த ஆண்டு ஒரு கல்லூரி மாணவி வந்தாள். தன் பாட்டி பால்மரம் சீவிய நிரையை, அதாவது மரவரிசையை, பனியோடு படம் எடுத்திருந்தாள். பெரிதாகக் கழுவிச் சட்டம் போட வேண்டும் என்றாள். "நேர்ல அவ்வளவு அழகா இருந்துச்சு அங்கிள். படத்துல உயிரே இல்ல. அதான் ஃபில்டர் போட்டேன்." இலைகள் ஆரஞ்சுச் சாயத்தில் முக்கியெடுத்த மாதிரி இருந்தன. பனி நீலம், மண் ஊதா.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். கேமரா எந்தக் காட்சியையும் நடுச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைப் பனியைக் கண்டால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பனி அழுக்காக விழும். போதாததற்கு, ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும். நடுப்பகல் வெயில் சுமார் 5500 கெல்வின் என்றால் மரநிழல் 7000-ஐத் தாண்டும். அதனால் நிழல் நீலம் தட்டும். இந்த இரண்டு குறைக்கும் மருந்து தனித்தனி. ஒரே தட்டில் போடும் ஃபில்டர் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு மேலே சாயம் பூசுகிறது.

"ஒரிஜினலைக் கொடும்மா" என்றேன். அவளிடம் இல்லை. அதன் மேலேயே சேமித்துவிட்டாள். ஃபில்டர் போடுவதற்கு முன் அம்மாவுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய, சுருங்கிய படம் மட்டும்தான் மிச்சம்.

அதை வைத்து உட்கார்ந்தோம். முதலில் வெளிச்சத்தை ஏற்றினேன், பனி வெளுத்தது. அடுத்து வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) கொஞ்சம் வெம்மைப் பக்கம் நகர்த்தினேன், நீலம் விலகியது. அதற்கே அவள் முகம் மலர்ந்துவிட்டது. சாச்சுரேஷனைத் தொடவில்லை. அது எல்லா நிறத்தையும் ஒரே சீராகத் தூக்கும். ஏற்கனவே அடர்ந்தது நுணுக்கம் இழந்து அப்பிப்போகும். வைப்ரன்ஸ் மங்கிய நிறங்களைத்தான் அதிகம் தூக்கும். அதையும் ஒரு சிட்டிகைதான் சேர்த்தேன். புல்லின் பச்சை மந்தமாக இருந்தது. பலரும் பச்சைக் கட்டுப்பாட்டைப் பிடித்து இழுப்பார்கள். இலையிலும் புல்லிலும் மஞ்சள் நிறையக் கலந்திருக்கிறது. நான் மஞ்சளின் வெளிச்சத்தைத்தான் ஏற்றினேன்.

பச்சையில் இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்டாள். பிரைஸ் பேயர் என்பவர் கோடாக்கில் வடிவமைத்து, 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமரா சென்சார்களின் மேல் இருக்கிறது. சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்றால் பச்சை வடிகட்டி இரண்டு. மனிதக் கண் பச்சை ஒளியில் நுணுக்கம் அதிகம் காண்பதால் அப்படி வைத்தார். பச்சையில் கை மீறினால் பார்ப்பவர் கண்ணுக்கு உடனே உறுத்துகிறது என்பது என் அனுபவம்.

பால்மரத்தை விட்டுச் செம்பனையை (எண்ணெய்ப் பனையை) எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அதன் ஓலையின் வெள்ளைப் பளபளப்பை மட்டும் மென்பொருள் சரியாக எடுக்காது. லென்ஸில் பளபளப்பைத் தடுக்கும் போலரைசர் கண்ணாடி மாட்டி, சூரியனைப் பக்கவாட்டில் வைத்துத் திருகினால் உள்ளிருக்கும் பச்சை தெரியும். வெளிச்சம் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி). கை ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் தேறியது, ஆனால் சிறிய அளவில் மட்டும். பெரிதாக்கினால் பனி பட்டை பட்டையாகப் பிரிந்தது. ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. பனி போன்ற மெல்லிய மாற்றங்களைத் திருத்தும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தயவுசெய்து நகலில் வேலை செய்யுங்கள். ஒரிஜினலை வேறோர் இடத்திலும் வையுங்கள். புலனத்தில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள், சுருங்காது.

அந்த நிரையைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடப்போகிறார்கள் என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடுத்த ஞாயிறு விடியலில் மறுபடியும் போனாள். பாதி மரங்கள் விழுந்திருந்தன. மீதியை ரா கோப்பில் எடுத்து வந்தாள்.