பகடிவதை: ஒரு சொல் விளக்கம்

எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்குத் திக்குவாய். காலையில் பெயர் கூப்பிடும்போது அவன் 'உள்ளேன் ஐயா' என்று சொல்லி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து நாலைந்து பேர் 'உ... உ... உ...' என்று ஆரம்பித்துவிடுவார்கள். வகுப்பே சிரிக்கும். கொஞ்ச நாளில் அவன் வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்க ஆரம்பித்தான். கேட்டால், 'சும்மா விளையாட்டுக்கு சார்' என்பார்கள்.

இதைத்தான் ஆங்கிலத்தில் 'புல்லியிங்' என்கிறார்கள். 'புல்லி' என்ற சொல் 16-ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தபோது 'அன்புக்குரியவர்' என்றுதான் பொருள். காதலரைக் குறிக்கும் டச்சுச் சொல் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். அடுத்த நூற்றாண்டிலேயே அது எளியவரை மிரட்டுபவனைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

தமிழில் கேலி, கிண்டல், சீண்டல், வம்பு என்று பல சொற்கள் உண்டு. ஆனால் சமமான இரண்டு நண்பர்களுக்குள்ளும் கிண்டல் நடக்கும். நார்வேயில் இதை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வியூஸ் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. இந்த மூன்றும் நம் 'கிண்டலில்' அடங்காது.

'பகடிவதை' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பகடி என்றால் கேலி, ஈழத்தில் பகிடி. வதை என்றால் துன்புறுத்தல். இலங்கையில் பல்கலைக்கழக ராகிங்கைப் 'பகிடிவதை' என்கிறார்கள். மலேசியத் தமிழர்கள் பள்ளியில் நடப்பதற்கும் 'பகடிவதை' என்றே எழுதுகிறார்கள். செய்கிறவன் சொல்லும் சாக்கும் படுகிறவனின் வலியும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

சரி, யாரைப் பிடிக்கிறார்கள்? கண்ணாடி, குண்டு உடம்பு என்று நாம் காரணம் தேடுவோம். ஓல்வியூஸ் தம் ஆய்வில் பார்த்த பையன்களிடம் அப்படிப்பட்ட வெளித்தோற்றம் பெரிய காரணமாக இல்லை. உடல் வலு குறைந்தவர்கள், பயந்த சுபாவம் உள்ளவர்கள், நண்பர் இல்லாதவர்கள்தான் அதிகம் சிக்கினார்கள். வதைக்கிறவன் உள்ளுக்குள் தாழ்வு மனப்பான்மையால் வாடுகிறான் என்ற பேச்சுக்கும் அவர் ஆதாரம் காணவில்லை. அவனுக்கு வேண்டியது அதிகாரம், அதைப் பார்த்துச் சிரிக்க நாலு பேர்.

நம் ஊரில் அந்த அதிகாரத்தைச் சாதியும் கொடுக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவன் சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். விஷயம் ஆசிரியர்களுக்குத் தெரிந்த பிறகு, வீடு தேடி வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு.

இந்தச் சொல்லில் ஒரு குறையும் உண்டு. மதியம் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஒருத்திக்கு மட்டும் இடம் விடாமல் நெருங்கி உட்காருவார்கள். அதில் பகடியே கிடையாது, ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அதையும் நான் பகடிவதை என்றே எழுதுகிறேன்.