சாய்ந்த எழுத்துக்கு வேகம் எங்கிருந்து வருகிறது?

பந்தயக் காரின் பக்கவாட்டில், விளையாட்டு ஷூ பெட்டியில், டயர் விளம்பரத்தில் ஒரே சாயலில் எழுத்துகள் இருக்கும். அகலமாக, தடிமனாக, முனைகளில் வால் இல்லாமல், வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். படிப்பதற்கு முன்பே வேகம் என்று மனதில் பட்டுவிடும்.

இந்தச் சாய்வுக்குப் பின்னால் பழைய கேமராக்களுக்கும் பங்கு உண்டு. 1910களின் தொடக்கத்தில் ழாக் ஆன்ரி லார்த்திக் என்ற பிரெஞ்சு இளைஞர் எடுத்த பந்தயக் கார் படம் ஒன்று மிகவும் பெயர் பெற்றது. அதில் சக்கரம் வட்டமாக இல்லை; முன்பக்கம் சாய்ந்த நீள்வட்டமாக இருக்கிறது. அந்தக் கேமராவின் ஷட்டர் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவதில்லை. ஒரு குறுகிய பிளவு நகர்ந்து பகுதி பகுதியாகப் பதியும். காரின் அடிப்பகுதி முதலில் பதிந்து, மேல்பகுதி பதிவதற்குள் கார் கொஞ்சம் முன்னே போய்விடும். வேகமான வண்டி என்றால் முன்னே சாய்த்து வரைவது கார்ட்டூன்காரர்களுக்கும் வழக்கமாயிற்று. எழுத்தில் இன்னொரு வசதி: நாம் படிக்கும் திசையும் சாயும் திசையும் ஒன்றே.

சரி, நேர் எழுத்தை அப்படியே தள்ளிச் சாய்த்தால் போதாதா? ஹெல்வெட்டிகா என்ற பிரபலமான ஆங்கில எழுத்துருவின் சாய்வு 12 டிகிரி. 100 மில்லிமீட்டர் உயர எழுத்தில் உச்சி சுமார் 21 மில்லிமீட்டர் வலப்பக்கம் நகரும். ஆங்கில 'எச்' இதைத் தாங்கிக்கொள்ளும். 'ஓ'வில்தான் வில்லங்கம். வட்ட வளையத்தைச் சாய்த்தால் மேல்-வலத்திலும் கீழ்-இடத்திலும் கோடு தடிக்கும். மற்ற இரண்டு மூலைகளிலும் மெலியும். இத்தாலியின் டூரினில் 1962இல் ஆல்டோ நோவரேசே வடிவமைத்த யூரோஸ்டைல் எழுத்துரு போல, பழைய டிவி திரை வடிவ 'ஓ' என்றால் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: ஒரு மூலை கூராகும், பக்கத்து மூலை சப்பையாகும். அதனால் நல்ல வடிவமைப்பாளர் ஒவ்வொரு வளைவையும் திருத்தி வரைகிறார். அகலமும் வேலை வைக்கும். ஒரே தடிமனில் போட்டால் கிடைக்கோடு செங்குத்துக் கோட்டைவிடத் தடிமனாகத் தெரியும். அதைக் கொஞ்சம் இழைக்க வேண்டும்.

அகலத்தால் ஒரு நிஜமான லாபமும் உண்டு. காரின் கதவை யாரும் நேர் எதிரே நின்று பார்ப்பதில்லை. 60 டிகிரி பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எழுத்தின் அகலம் பாதியாகச் சுருங்கும். அகன்ற எழுத்து அப்போதும் பிழைக்கும். சாலையில் எழுதும் 'மெதுவாக'வை நீட்டி எழுதுவதும் இதே கணக்குதான், திசை மட்டும் வேறு. ஆனால் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் இந்த எழுத்து வேண்டாம். இடத்தை விழுங்கும், பத்தி முழுக்க ஓடினால் கண் களைத்துவிடும்.

தமிழில்தான் எனக்கு ஆதங்கம். பல தமிழ் எழுத்துருக்களுக்குத் தனியாக வரைந்த சாய்வே கிடையாது. பட்டனை அழுத்தினால் மென்பொருள் சும்மா தள்ளிச் சாய்க்கிறது. 'ட', 'ப' தப்பித்துவிடும். 'ண'வின் சுழிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஒருபுறம் வீங்கி, மறுபுறம் மெலிந்திருக்கும். போஸ்டருக்கு வேகம் வேண்டுமென்றால், சாய்வு தனியாக வரையப்பட்ட எழுத்துருவைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் எழுத்தை நேராகவே விட்டு, தடிமனை மட்டும் கூட்டுங்கள்.