நாயை கிராஸுக்குக் கொடுக்கலாமா? முதலில் பேப்பரைப் பாருங்கள்

வீட்டில் நல்ல லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ ஆண் நாய் இருந்தால், என்றாவது ஒருநாள் யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். "எங்க பொண்ணு ஹீட்ல இருக்கா, உங்க பையன அனுப்புறீங்களா? ஸ்டட் ஃபீஸ் தர்றோம், இல்லன்னா ஒரு குட்டி எடுத்துக்கங்க." ஹீட் என்றால் பெட்டை இணை சேரும் பருவம், ஸ்டட் ஃபீஸ் என்றால் அதற்காக ஆண் நாய்க்காரருக்குத் தரும் பணம். கேட்பவர் பெரும்பாலும் நல்ல மனுஷர்தான், நாமும் மறுக்கக் காரணம் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் நாய் இணை சேர்ப்பதற்கு இந்தியாவில் சட்டவிதி இருக்கிறது என்பதே பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், 2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகளைக் கொண்டுவந்தது. இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 5000 ரூபாய், திரும்ப வராது. பதிவு 2 வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். பதிவு கொடுக்கும் முன் ஆய்வுக்கு வந்து இடம், காற்றோட்டம், மருத்துவ வசதி எல்லாம் பார்ப்பார்கள். பின்னணி இவ்வளவு போதும், சிக்கல் எல்லாம் இதற்கப்புறம்தான்.

"நான் விற்கவில்லையே, நாயை ஒருநாள் அனுப்பினேன், அவ்வளவுதானே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வாதம். விதியில் 'பிரீடர்' என்பவருக்குக் கொடுத்திருக்கும் விளக்கம், இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் நாய் வைத்திருப்பவர் என்று போகிறது, இடைத்தரகரையும் வியாபாரியையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரு காசு வாங்காமல் ஒரே ஒரு தடவை நண்பர் வீட்டுப் பெட்டையோடு சேர்த்தவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ஆனால் ஃபீஸுக்குப் பதில் குட்டியை எடுத்து, அதைப் பதினைந்தாயிரத்துக்கோ இருபதாயிரத்துக்கோ கைமாற்றிவிட்டீர்கள் என்றால் அப்போது நீங்கள் விற்பனைக்காரர்தான். இதை யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். வாங்கியவர் வீட்டில் குட்டி பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து செத்துப்போய் புகார் என்று வரும்போதுதான், பதிவு எண் என்ன என்ற கேள்வி வரும். ஆகவே குட்டி வேண்டாம், அல்லது எடுத்தால் வளர்ப்பதற்கு மட்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வருஷத்துக்கு நாலைந்து தடவை ஃபீஸ் வாங்கிக்கொண்டு அனுப்புகிறவர் 'நான் பிரீடர் இல்லை' என்று வாதாடிப் பார்ப்பதைவிடப் பதிவு செய்துகொள்வது மேல்.

குட்டியை எப்போது எடுப்பது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நாற்பது நாளில் தூக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் ஊர் வழக்கம். விதிப்படி 8 வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, அதற்குள் மைக்ரோசிப்பும், அதாவது தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சில்லும், போட்டிருக்க வேண்டும். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டி கடித்துப் பழகும், வயிற்றுப்போக்கில் விழும், அதுவும் உங்கள் தலையில்தான் விடியும்.

அடுத்தது பேப்பர் குழப்பம். இதில் ஏமாந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நம் ஆட்கள் மூன்று காகிதத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மாநகராட்சி கொடுக்கும் செல்லப்பிராணி உரிமம் நாய் வளர்ப்பதற்கு மட்டும். சென்னையில் அது இல்லாவிட்டால் 5000 ரூபாய் அபராதம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா (கேசிஐ) கொடுக்கும் சர்டிபிகேட், இந்த நாய் இந்த இனம், இன்னாருக்குப் பிறந்தது என்று சொல்லும் வம்சாவளிக் காகிதம், அவ்வளவே. அது ஒரு சங்கம், அரசு அலுவலகம் இல்லை. மூன்றாவதுதான் விலங்குகள் நல வாரியப் பதிவு. "எங்ககிட்ட கேசிஐ பேப்பர் இருக்கு சார், எல்லாம் லீகல்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற பிரீடரிடம் மூன்றாவதைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு உடனே வேறு பக்கம் போய்விடும்.

இந்த மூன்றாவது காகிதத்துக்கு அலைவது தனிக் கதை. உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் மாவட்ட அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள், அங்கே போனால் அது மாநகராட்சி வேலை என்பார்கள், மாநகராட்சியில் வளர்ப்பு உரிமத்துக்கான படிவத்தை எடுத்து நீட்டுவார்கள். அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, பிரீடர் பதிவு முடிந்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. யார் எங்கே போகச் சொன்னாலும் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். விண்ணப்பம் மாநில விலங்குகள் நல வாரியத்தின் பெயருக்குத்தான். நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆய்வுக்கு வரவில்லை, பதில் இல்லை என்று பின்னால் கேட்பதற்கு அந்த அட்டைதான் ஆதாரம். அப்புறம், வாடகை வீட்டு மாடியில் இரண்டு கூண்டு வைத்துக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள் 5000 ரூபாயைக் கட்டுவதற்கு முன் இடவசதி நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள், கட்டிய பிறகு படித்துப் பிரயோஜனம் இல்லை.

எந்த இனம் என்பதையும் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களுக்குத் தடை என்று மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் புது உரிமம் இல்லை என்று முடிவெடுத்தது. இதன் நடைமுறை அர்த்தத்தை யோசியுங்கள். உங்கள் ராட்வைலருக்குப் பழைய உரிமம் இருக்கலாம், ஆனால் அதற்குப் பிறக்கும் எட்டு குட்டிக்கும் சென்னைக்குள் உரிமம் கிடைக்காது. அந்தக் குட்டிகள் எங்கே போகும்? ஒரு தடைக் கடிதம், அதன் மேல் ஒரு தீர்ப்பு, அதன் மேல் ஒரு தீர்மானம் என்று அடுக்கிக்கொண்டே போகிறவர்கள், வீட்டில் நாய் வைத்திருப்பவனுக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதிப் போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

சரி, காகிதமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 18 மாதம் ஆன, ஆரோக்கியமான நாயைத்தான் இணை சேர்க்கலாம், சேர்ப்பதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே கால்நடை மருத்துவர் தகுதிச் சான்று கொடுத்திருக்க வேண்டும் என்கிறது விதி. இந்த 10 நாள்தான் எல்லோரும் கோட்டை விடும் இடம். பெட்டைக்கு ஹீட் மொத்தமே மூன்று வாரம்தான், அதில் சேரும் நாட்கள் பெரும்பாலும் ஒன்பதாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் வரும். ரத்தம் பட்ட அன்று போன் செய்து "நாலு நாள்ல வர்றோம்" என்பவரிடம் சான்று இருக்க வழியே இல்லை. சான்று எங்கே என்றால் தடுப்பூசிப் புத்தகத்தை நீட்டுவார்கள். அது தகுதிச் சான்று இல்லை. அந்தப் புத்தகத்தையும் சும்மா புரட்டாமல் பாருங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, மருத்துவரின் முத்திரையில் பதிவு எண் இருக்கிறதா, எல்லாத் தேதியும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியது மாதிரி இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பெட்டைக்கு வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது, 8 வயதுக்கு மேல் சேர்க்கவே கூடாது. போன ஹீட்டிலும் குட்டி போட்டதா என்று கேளுங்கள். பதிலை இழுத்தால் அனுப்பாதீர்கள்.

ஆண் நாய்க்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு டிவிடி (TVT) என்ற கட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாய்க்கு நாய் இணை சேரும்போது ஒட்டிக்கொள்ளும் புற்றுக்கட்டி அது, தெருநாய்கள் அதிகம் உள்ள நம் ஊரில் சர்வ சாதாரணம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஆண் நாய் அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருந்தது, படுத்த இடத்தில் சொட்டுச் சொட்டாக ரத்தம். ஏதோ காயம் என்று வாரக்கணக்கில் மஞ்சள் தடவினார்கள். கடைசியில் வாரம் ஒரு வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி, ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனை. நாய் பிழைத்தது, வாங்கிய ஃபீஸைப் போல பல மடங்கு செலவு. பெட்டைக்காரர் போனையே எடுக்கவில்லை. புருசெல்லா என்ற பாக்டீரியா தொற்று இதைவிட மோசம், குணப்படுத்துவது கடினம், மனிதருக்கும் தொற்றும். அதற்கான பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதால் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. கிடைக்கிற ஊரில் இருந்தால் இரண்டு நாய்க்கும் செய்துவிடுங்கள். லாப், ஷெப்பர்ட் என்றால் இடுப்பு எக்ஸ்ரேயும் எடுத்துப் பாருங்கள், இடுப்பு மூட்டுக் கோளாறு குட்டிகளுக்குப் போகும்.

ஒரு தடவை சேர்த்துவிட்டால் அடங்கிவிடுவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல நாய்கள் அதற்கப்புறம்தான் வீடு முழுக்க மூத்திரம் தெளிக்கும், பெட்டை வாசனைக்குக் கேட்டைத் தாண்டும், மற்ற ஆண் நாயைப் பார்த்தால் பாயும். முரட்டுத்தனம் குறைய வேண்டும் என்பதுதான் காரணம் என்றால் கேட்க வேண்டியது பயிற்சியையும் கருத்தடையையும் பற்றித்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் கொடுப்பது என்று முடிவு செய்தால், பேச்சில் விடாமல் வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு நாயின் மைக்ரோசிப் எண், தகுதிச் சான்றின் தேதி, ஃபீஸ் எவ்வளவு, சேர்த்த அன்றா, சினை உறுதியான பிறகா என்பதெல்லாம் அதில் வரட்டும். சினை பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஹீட்டில் இலவசமாகச் சேர்ப்பதா, பணத்தைத் திருப்புவதா என்பதில்தான் சண்டை அதிகம் வரும், அதையும் எழுதிவிடுங்கள். கேசிஐயில் குட்டிகளைப் பதிவு செய்ய ஆண் நாய்க்காரரின் கையெழுத்து வேண்டும் என்பதால் உங்களைத் தேடி வருவார்கள். நிரப்பாத படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். உங்கள் நாய் பார்த்தே இராத குட்டிகளும் அதன் பெயரில் ஏறிவிடும்.