"வெளியேதானே தடவினேன், மேடம்"

சென்ற மாதம் அமாவாசைக்கு மறுநாள் காலை அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் அரசு மருத்துவமனை ஒன்றின் சித்த மருத்துவப் பிரிவில் பணியாற்றுகிறேன். பச்சிலை விவகாரம் என்றால் ஆள் அனுப்பிவிடுவார்கள்.

நான்கு வயதுச் சிறுமி. பாட்டியின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். இடது கண்ணின் பாவை மட்டும் கறுப்புப் பொத்தான் போல விரிந்து நின்றது. டார்ச் அடித்தாலும் சுருங்கவில்லை. ஒரு பக்கப் பாவை மட்டும் விரிந்தால், தலைக்குள் இரத்தக் கசிவோ என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் அஞ்சுவார். ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. கண் மருத்துவர், பாவையைச் சுருக்கும் பைலோகார்பின் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை. "கண்ணில் ஏதோ மருந்து பட்டிருக்கிறது" என்றார்.

பாட்டியைத் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சித்தப்பாவின் அறையிலிருந்து அந்தப் பவுடர் டப்பா வந்து சேர்ந்தது. உள்ளே பச்சையும் கறுப்புமாகக் குழைந்த நெய். மூடியில் மிளகாய் விதை போலத் தட்டையாக நான்கைந்து விதைகள் ஒட்டியிருந்தன. ஊமத்தை. குழந்தை டப்பாவைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கியிருக்கிறாள்.

சித்தப்பாவுக்கு இருபத்துநான்கு வயது, பொறியியல் படித்தவர். தியானம் ஆழமாகும், ஆவிகளோடு பேசலாம் என்று ஏதோ காணொளியில் பார்த்துக் காய்ச்சியிருக்கிறார். அவரும் இரவெல்லாம் வாய் உலர்ந்து, சுவரில் ஏதோ ஊர்வதாகத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார். அது மந்திர சக்தி கிடைத்ததன் அடையாளம் என்று நினைத்தாராம். என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "வெளியேதானே தடவினேன், மேடம். உள்ளே சாப்பிடவில்லையே!"

இதே பதிலை இந்த ஆண்டு நான் கேட்பது மூன்றாம் முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

தோல் கோட்டைச் சுவர் இல்லை. நெய்யிலும் எண்ணெயிலும் கரைந்த பொருள் தோல் வழியே இரத்தத்தில் கலக்கும். பயணத்தில் வாந்தி வராமலிருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் பட்டை ஒன்று வெளிநாடுகளில் விற்கிறது. ஒரு நாணய அளவுதான். அதில் இருக்கும் மருந்து 1.5 மில்லிகிராம். அதுவே மூன்று நாள் வேலை செய்கிறது. அந்த ஸ்கோபொலமின் ஊமத்தையில் இருக்கிறது, கூடவே கண்ணின் பாவையை விரியவைக்கும் அட்ரோபினும் இருக்கிறது. பட்டையில் அளவு எழுதியிருக்கும். உங்கள் டப்பாவில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே வேலியோரத்தில் நிற்கும் இரண்டு செடிகளில்கூட நஞ்சின் அளவு ஒன்றாக இருப்பதில்லை. அதை நெற்றிப்பொட்டிலும் அக்குளிலும் பூசி, கதவைச் சாத்திக்கொண்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்தால் இன்னும் வேகமாக உள்ளே இறங்கும். சிராய்ப்பு, புண் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. ஐரோப்பாவில் சூனியக்காரிகள் பறப்பதற்குப் பூசியதாகச் சொல்லப்பட்ட களிம்புகளிலும் இதே குடும்பச் செடிகள்தாம்: பெல்லடோனா, மாண்ட்ரேக், நாம் குரோசாணி ஓமம் என்று சொல்லும் செடி. ஆந்த்ரேஸ் லகூனா என்ற ஸ்பானிய மருத்துவர் அப்படி ஒரு பச்சைக் களிம்பைக் கொலைத்தண்டனை நிறைவேற்றுபவரின் மனைவிக்குப் பூசியதாக 1555இல் எழுதினார். அவள் 36 மணி நேரம் தூங்கினாள். எழுப்பியபோது, இன்பமான கனவைக் கலைத்துவிட்டார்களே என்று கோபித்துக்கொண்டாள். அவள் எங்கும் பறக்கவில்லை. படுத்த இடத்திலேயே கிடந்தாள்.

"சித்தர்கள் ஊமத்தையைப் பயன்படுத்தவில்லையா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். பயன்படுத்தினார்கள். ஆறாத புண்ணுக்கு நாங்கள் தரும் மத்தன் தைலத்தில் ஊமத்தை இலைச்சாறுதான் சேர்கிறது. இடம், அளவு, நாள் எல்லாம் பார்த்துத் தருகிறோம். நஞ்சுள்ள சரக்குகளைப் பட்டியலிடும் அரசின் மருந்து விதிகளிலும் ஊமத்தை இருக்கிறது. ஐந்தாண்டு படித்துவிட்டு வந்தும் அதைத் தொடும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

சேராங்கொட்டை சேர்த்த 'வசிய மை' வைத்து நெற்றி முழுக்கக் கொப்புளத்தோடு வந்த பெண்ணையும் பார்த்திருக்கிறேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி மங்கும். சாதிலிங்கம் என்ற சிவப்புச் சரக்கில் இருப்பது பாதரசம். இவை எதையும் வீட்டு அடுப்பில் ஏற்றாதீர்கள். குழந்தை இருக்கும் வீட்டில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். தியானம் செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. நெற்றியில் குளிர்ச்சி வேண்டுமென்றால் சந்தனக் கட்டையை உரைத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

தடவிவிட்டீர்களா? சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் நீரில் கால் மணி நேரம் கண்ணை அலசுங்கள். வாய் வறண்டு, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் உடனே 108ஐ அழையுங்கள். பித்தம் தெளியும் என்று தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். நினைவு தடுமாறுபவர் வாயில் மோரோ பழச்சாறோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பேயோட்டுபவரிடம் அழைத்துச் செல்லாதீர்கள்.

என்ன தடவினீர்கள் என்பதை மட்டும் மறைக்காதீர்கள், தயவு செய்து. நாங்கள் திட்ட மாட்டோம், போலீசுக்குப் பயந்தும் மறைக்க வேண்டாம். அந்தச் சிறுமியின் பாவை சுருங்க ஐந்து நாள் ஆயிற்று. டப்பா முதலிலேயே வந்திருந்தால் அவளை ஸ்கேன் அறையில் படுக்கவைத்து அழவிட்டிருக்க மாட்டோம். வரும்போது டப்பாவையும் எடுத்து வாருங்கள்.