போன் சொல்வதை சர்வர் நம்பலாமா?

சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு கார் பந்தய விளையாட்டு வெளியிட்டோம். எட்டுப் பேர் சேர்ந்து ஆடலாம். நெட்வொர்க் பகுதி முழுக்க என் பொறுப்பு. ஒவ்வொரு போனும் தன் கார் எங்கே நிற்கிறது என்று சர்வருக்கு, அதாவது எல்லோரையும் இணைக்கும் எங்கள் மையக் கணினிக்கு, சொல்லும். சர்வர் அதை அப்படியே மற்ற ஏழு பேருக்கும் அனுப்பும். அலுவலக வைஃபையில் ஒரு குறையும் தெரியவில்லை. வெளியான மூன்றாம் நாள், இரண்டு நிமிடப் பந்தயத்தை ஒருவர் நான்கு நொடியில் முடித்திருந்தார். ஆப்பைத் திருத்தி, ‘என் கார் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது’ என்று அனுப்பியிருக்கிறார். சர்வரும் நம்பிப் பரிசு கொடுத்துவிட்டது. நேர்மையாக ஆடியவர்கள் ஒரு வாரத்துக்குள் போய்விட்டார்கள். அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

அதனால் மல்டிபிளேயர், அதாவது பலர் சேர்ந்து ஆடும் ஆட்டம், எழுத வருகிற தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: உங்கள் ஆட்டத்தில் எது உண்மை என்று முடிவு செய்வது யார்? போன் என்றால், அது ஏமாற்ற நினைப்பவர் கையிலும் இருக்கிறது. போன் அனுப்ப வேண்டியது ‘இடது பக்கம் திருப்பினேன், பிரேக் போட்டேன்’ என்ற கட்டளை மட்டும்தான். கார் எங்கே போய் நின்றது என்பதை சர்வர் கணக்குப் போடட்டும். கட்டளையையும் எண்ணிப் பாருங்கள். நொடிக்கு 60 வர வேண்டிய இடத்தில் தொடர்ந்து 90 வந்தால், யாரோ கடிகாரத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

“அப்போ லேக் அடிக்காதா, ஆட்டம் தாமதமாகாதா?” என்பார்கள். அடிக்கும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சர்வருக்குப் போய்த் திரும்ப, கடலடிக் கேபிளில் மட்டும் 30 மில்லிநொடி ஆகிவிடும். மொபைல் டேட்டாவும் சேர்ந்தால் 100 சாதாரணம். ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு அவ்வளவு நேரம் கார் அசையாமல் இருந்தால் யார் ஆடுவார்கள்?

1996இல் வந்த குவேக் என்ற துப்பாக்கி ஆட்டத்தில், தொலைபேசி இணைப்பில் மோடம் வைத்து ஆடியவர்கள் பட்ட பாடு இதுதான். அந்த ஆண்டுக் கடைசியில் குவேக்கின் முதன்மை நிரலாளர் ஜான் கார்மக், அதன் இணையப் பதிப்பான குவேக்வேர்ல்டில் முன்கணிப்பைக் கொண்டுவந்தார். சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் ஆடுபவரின் கணினியே அவரை உடனே நகர்த்திவிடும். இன்று நாங்கள் செய்வதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். போன் 1041ஆம் கட்டளையை அனுப்பி, காரையும் நகர்த்திவிட்டது. அப்போது சர்வரிடமிருந்து, ‘1035 வரை பார்த்துவிட்டேன், நீ இங்கே நிற்கிறாய்’ என்று பதில் வருகிறது. போன் காரை அந்த இடத்தில் வைத்து, 1036 முதல் 1041 வரை ஆறு கட்டளைகளையும் அதே பிரேமுக்குள், திரையில் அடுத்த படம் வருவதற்குள், மறுபடி ஓட்டுகிறது. கணிப்பு சரியாக இருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தப்பினால் கார் லேசாக வெட்டி இழுக்கும்.

துப்பாக்கி ஆட்டங்களில் சர்வர், சுட்டவர் திரையில் பார்த்த கணத்துக்கு மற்றவர்களைப் பின்னுக்கு நகர்த்திப் பார்த்துத்தான் குண்டு பட்டதா என்று முடிவு செய்யும். ‘சுவருக்குப் பின்னால் போன பிறகும் செத்தேன்’ என்ற புகார் இதன் விலை. சுட்டவர் பக்கம் நிற்பதே சரி என்பது என் கருத்து.

1997இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற போர் வியூக ஆட்டம் வேறு வழியில் போனது. கட்டளைகளை மட்டும் பரிமாறிக்கொண்டு எல்லாக் கணினிகளும் ஒரே கணக்கைப் போட்டன. நூற்றுக்கணக்கான படைவீரர்களுக்கு மோடமே போதுமானதாக இருந்தது அதனால்தான். ஆனால் முழு வரைபடமும் எல்லோர் நினைவகத்திலும் இருக்கும். மறைந்திருப்பதைத் திறந்து பார்ப்பவரைத் தடுப்பது கடினம்.

எங்கள் பந்தய விளையாட்டைத் திருப்பி எழுத ஐந்து மாதம் ஆனது. இப்போது என்னிடம் வரும் எந்த பில்டையும் (சோதனைப் பதிப்பையும்), மோசமான இணைப்பைப் போலியாக உண்டாக்கும் லினக்ஸின் நெட்எம் கொண்டு 100 மில்லிநொடி தாமதம், நூற்றுக்கு 2 பாக்கெட் (தகவல் துண்டு) இழப்பு வைத்துத்தான் ஓட்டுகிறேன். அலுவலக வைஃபையில் ஓட்டிக் காட்ட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.