படலையடியில் வாங்கினாலும் பில் கேட்கலாம்

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் கடைக்குப் போவதென்றால் பஸ் பார்த்துத்தான் போக வேண்டும். அதனால் பல நாள் கடைதான் எங்களிடம் வருகிறது. விடியவே சூன் பாண் ஓட்டோ அந்தத் தெரிந்த பாட்டோடு வரும். அப்புறம் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் மீன்காரர். வெயில் ஏற, பட்டா என்கிற சின்ன லொறியில் பிளாஸ்டிக் கதிரையும் வாளியும் சட்டி பானையும் ஒலிபெருக்கியோடு வந்து சேரும். அறுவடைக் காசு கையில் இருக்கிற மாதங்களில் கிரைண்டர், காஸ் அடுப்பு, தண்ணீர் வடிகட்டி விற்பவர்களும் தேடி வருவார்கள்.

இவர்களிடம் வாங்கினால் சட்டம் ஒன்றும் செய்யாது, அது ரவுண் கடைகளுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரி என்று சொல்வது பொருள் விற்பவரைத்தான். கட்டடம் இருக்க வேண்டும், பெயர்ப்பலகை தொங்க வேண்டும் என்று அதில் இல்லை. சைக்கிளில் கொண்டு வந்து விற்றாலும் வியாபாரிதான்.

அந்தச் சட்டத்தில் எங்கள் ஊர்களுக்கு மிகவும் தேவையான பகுதி பற்றுச்சீட்டு பற்றியது. வாங்குபவர் கேட்டால், விற்றவர் திகதி, அளவு, விலை எழுதிய பற்றுச்சீட்டைக் கொடுக்க வேண்டும். கேட்டால் என்பதைக் கவனியுங்கள். கேட்காதவருக்குக் கொடுக்கவில்லை என்று பிறகு குறை சொல்ல இடமில்லை. நாங்களோ கேட்பதில்லை. அரை கிலோ மீனுக்குப் பில் கேட்டால் ஊரே சிரிக்கும், சரி. ஆனால் பல ஆயிரம் ரூபாய்க்கு கிரைண்டர் வாங்கும்போதும் வாய் திறப்பதில்லை.

கேட்டும் விடாப்பிடியாக நிற்காமல் நானும் ஏமாந்தேன். ஒரு வருடம் பொங்கலுக்கு முன் வந்த வாகனத்தில் கிரைண்டர் வாங்கினேன். பில் கேட்க, “அக்கா, நாங்கள் மாதாமாதம் இந்த ரோட்டாலை வாறனாங்கள், பில் எதுக்கு?” என்றார் தம்பி. உழுந்து இரண்டு தரம் அரைத்ததும் மோட்டார் கருகி மணத்தது. அந்த வாகனம் அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கைக்குள் வரவேயில்லை. என்னிடம் இருந்தது பெட்டியும் கருகிய மணமும் மட்டும்தான். முறைப்பாடு எழுத உட்கார்ந்தால் யார்மீது எழுதுவது?

உத்தரவாதம் சொல்லி விற்ற பொருள் அப்படி இல்லை என்றால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். விசாரித்து, பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். தைப்பொங்கலுக்கு வாங்கினதென்றால் சித்திரை வருடம் பிறக்கும் வரைதான் தவணை. “அடுத்த முறை வரட்டும், கேட்பம்” என்று காத்திருந்தால் அதற்குள் நாள் போய்விடும்.

அதனால் பெரிய சாமான் என்றால் பில் இல்லாமல் காசு நீட்டாதீர்கள். அச்சடித்த பில் புத்தகம் இல்லையென்றால் கொப்பித்தாள் போதும்: பெயர், தொலைபேசி இலக்கம், பொருள், விலை, திகதி, உத்தரவாத காலம், கையெழுத்து. வாகன இலக்கத்தையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்மையான வியாபாரி இதற்குக் கோபிக்கமாட்டார். தவணைக்கு வாங்கினால் இன்னும் கவனம். கட்டிய ஒவ்வொரு தவணையும் அவருடைய கொப்பியில் மட்டுமல்லாமல் உங்கள் துண்டிலும் அவர் கையால் எழுதப்பட வேண்டும்.

பைக்கற்றில் அடித்த விலைக்குமேல் விற்பவர் காசு வாங்க முடியாது. “இவ்வளவு தூரம் கொண்டு வாறம், பெற்றோல் செலவு” என்பது நியாயமான பேச்சுத்தான். ஆனால் அந்தச் செலவுக்காக அச்சடித்த விலையைத் தாண்ட சட்டம் விடாது. அரசு வர்த்தமானியில் உச்ச விலை அறிவித்த பொருளென்றால் தண்டம் கடுமை. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தனி வியாபாரிக்கே அது ஒரு லட்சம் ரூபாயில்தான் தொடங்குகிறது. காலாவதித் திகதியையும் படலையடியிலேயே பாருங்கள். அழித்து மேலே ஒட்டிய திகதி என்றால் தொடவே வேண்டாம். உணவுப் பொருளில் பிழை கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது.

தண்ணீர் வடிகட்டி விற்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுநீரக நோய்ப் பயம் இருக்கிற ஊர்களில், கிணற்றுத் தண்ணீரில் ஏதோ கம்பியை வைத்து நிறம் மாற்றிக் காட்டி, இது வருத்தத்தைத் தடுக்கும் என்பார்கள். தண்ணீரில் கரைந்த சாதாரண உப்புகள் இருந்தாலே அந்த நிறம் வரும். அதை வைத்து நோயைச் சொல்ல முடியாது. பொருளுக்கு இல்லாத பலனை இருப்பதாகச் சொல்லி விற்பதும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் குற்றம்.

தராசு வேறு சட்டம்: 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம். வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசும் படியும் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்து முத்திரை போடப்பட வேண்டும். மீன்காரரின் கொளுவித் தராசில் அந்த முத்திரை எங்கே என்று கேட்கலாம். கேட்கக் கூச்சமென்றால் உடைக்காத ஒரு கிலோ சீனிப் பைக்கற்றைக் கொண்டுவந்து கொளுவச் சொல்லுங்கள். முள்ளு ஒரு கிலோவை நன்றாகத் தாண்டிப் போனால், அதே தராசில் உங்களுக்கு விழுவது குறைந்த மீன்தான்.

இதில் நாங்கள் மறந்துவிடும் இன்னொரு பக்கம் இருக்கிறது. நெல், கச்சான், உழுந்து வாங்க வாசலுக்கு வருபவர்களும் தங்கள் தராசோடுதான் வருகிறார்கள். அங்கே விற்பவர் நாங்கள், நிறுப்பவர் அவர்கள். சட்டம் அந்தத் தராசுக்கும் அதேதான். வெறுஞ்சாக்கின் நிறையைக் கழிப்பது நியாயம். அதற்குமேல் ஈரம், பதர் என்று மூட்டைக்கு மூட்டை கிலோக் கணக்கில் கழிப்பது வெறும் பேரம்; அதற்கு நீங்கள் தலையாட்டத் தேவையில்லை. நெல் சந்தைப்படுத்தல் சபை கொள்வனவில் பார்க்கும் ஈரப்பதன் 14 சதவீதம். காயவிட்ட நெல்லுக்கும் ஈரக் கழிவு போட்டால் அந்த எண்ணைச் சொல்லிப் பேசுங்கள்.

முறையிட 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். காசைத் திரும்பக் கேட்பதென்றால் எழுத்தில் கொடுப்பதே சரி. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கேட்டால் உங்கள் மாவட்டத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரிகள் எங்கே என்று காட்டுவார்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், ஒரு பக்கம் போதும்: எப்போது, யாரிடம், என்ன, எவ்வளவு, என்ன பிழை, என்ன வேண்டும். பில்லின் பிரதியைச் சேர்த்து, மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த கடிதத்தின் இன்னொரு பிரதியில் கிடைத்ததற்குத் திகதி முத்திரை வாங்காமல் கச்சேரிப் படி இறங்க வேண்டாம். 3 மாதக் கணக்கில் பின்னர் கேள்வி வந்தால் காட்ட அதுதான் இருக்கும்.