தவளை முட்டையில் கிடைத்த விரல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வெஸ்ட்வில்லில் மூன்றாம் ஆண்டு உயிர்வேதியியல் மாணவர்களுக்குப் புரத அமைப்புப் பாடம் எடுக்கும்போது ஒவ்வொரு ஆண்டும் அதே கேள்வி வரும்: "மேம், எந்தெந்த வடிவத்தை மனப்பாடம் செய்யணும்?" கணினித் திரையில் வண்ண வண்ணமாகச் சுழலும் படங்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் அவர்களை வேறு கேள்வி கேட்கச் சொல்வேன். இந்த வடிவம் கலையாமல் நிற்பது எதனால்? அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

இதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆரன் க்ளூக் லிதுவேனியாவில் 1926இல் பிறந்து, இரண்டு வயதில் டர்பனுக்கு வந்து, இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தவர். விட்வாட்டர்ஸ்ராண்ட், கேப் டவுன் பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு 1949இல் கேம்பிரிட்ஜ் போனார். 1982இல் வேதியியல் நோபல் பரிசு. நான் சொல்லப்போவது அதற்குப் பிறகு அவர் செய்த வேலை: துத்தநாக விரல் என்ற சிறு புரத வடிவத்தைக் கண்டுபிடித்தது.

அதில் வரும் தவளையும் நம் நாட்டுடையதுதான். குளம் குட்டைகளில் வாழும், பின்னங்காலில் நகமுள்ள பிளாட்டானா. கர்ப்பிணியின் சிறுநீரை ஊசியில் ஏற்றினால் பெண் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிடும் என்பது கேப் டவுன் ஆய்வுகளில் தெரியவந்ததும், 1930களிலிருந்து உலகமெங்கும் கர்ப்பப் பரிசோதனைக்காக இது கப்பலேறியது. அப்படித்தான் ஆய்வுக்கூடங்களில் குடிபுகுந்தது.

இதன் முதிராத முட்டைகளில் டிஎஃப்-3ஏ என்ற புரதம் ஏராளமாக இருக்கும். ஒரு சிறிய ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுவைப் படிக்கத் தொடங்கி வைப்பது அதன் வேலை. உண்டான ஆர்.என்.ஏ.வைப் பிடித்துச் சேமித்து வைப்பதும் அதே புரதம்தான். க்ளூக்கின் குழு இந்தக் கூட்டுத்துகளைப் பிரித்தெடுக்க முயன்றபோது அது கையிலேயே கலைந்தது. கரைசலில் சேர்த்திருந்த ஒரு பொருள் உலோகத்தைப் பற்றி இழுக்கக்கூடியது. அப்படியானால் புரதத்துக்குள் உலோகம் இருக்க வேண்டுமே! அளந்து பார்த்தார்கள். ஒரு துகளுக்கு 7 முதல் 11 வரை துத்தநாக அணுக்கள்.

அப்புறம் புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களின் வரிசையைப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. ஏறக்குறைய 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே பாணி ஒன்பது முறை திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொன்றிலும் குறித்த இடங்களில் இரண்டு சிஸ்டீன், இரண்டு ஹிஸ்டிடின். அந்த நான்கும் சேர்ந்து ஒரு துத்தநாக அணுவைப் பிடித்துக்கொள்கின்றன என்று 1985இல் எழுதினார்கள். டி.என்.ஏ.வைப் பற்றிப் பிடிப்பதால் விரல் என்ற பெயர்.

ஏன் உலோகம்? பெரிய புரதம் மடியும்போது, நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் உள்ளே ஒடுங்கி நெருக்கமான கருவாகின்றன. மடிப்பைத் தாங்குவது பெரும்பாலும் அந்தக் கருதான். 30 அமினோ அமிலங்களை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய கரு கட்ட முடியாது. இதைச் சொன்ன நாளில், தைப்பூசக் காவடிக்குச் சேலை கட்டிப் பழகிய ஒரு மாணவி உடனே கேட்டாள்: "அப்போ துத்தநாகம் சேப்டி பின்னா, மேம்?" அதேதான். கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் கொசுவம் தானே நிற்கும். வழுக்கும் நைலக்ஸுக்கு ஊக்கு குத்தியாக வேண்டும்.

சரி, மடிந்த பிறகு விரல் என்ன செய்கிறது? ஒரு பக்கம் குட்டையான இரண்டு பீட்டா இழைகள், மறுபக்கம் ஓர் ஆல்ஃபா சுருள். சிஸ்டீன்கள் இழைப் பக்கம், ஹிஸ்டிடின்கள் சுருள் பக்கம். நடுவே துத்தநாகம் இரண்டையும் இழுத்துப் பிடிக்கிறது. இப்படி நின்றால்தான் சுருள் டி.என்.ஏ.வின் அகன்ற பள்ளத்தில் சரியாகப் பொருந்தும். சுருளின் வெளிமுகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சில அமினோ அமிலங்கள் அங்குள்ள டி.என்.ஏ. எழுத்துகளை (காரங்களை) தொட்டுப் படிக்கின்றன, ஒரு விரலுக்குச் சுமார் மூன்று எழுத்து. மூன்று விரல்கள் டி.என்.ஏ.வைச் சுற்றிப் பிடித்திருப்பதை 1991இல் படிக எக்ஸ்-கதிர்ப் படம் தெளிவாகக் காட்டியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, தாங்கும் பகுதியும் படிக்கும் பகுதியும் தனித்தனியாக இருப்பது. துத்தநாகத்தைப் பிடிக்கும் நான்கையும் விட்டுவிட்டு, தொட்டுப் படிக்கும் அமினோ அமிலங்களை மாற்றினால் விரல் வேறு எழுத்துகளைப் படிக்கத் தொடங்கும். பரிணாமம் இதை விடாமல் பயன்படுத்தியிருக்கிறது: இந்த விரல்கள் கொண்ட புரதங்களுக்கான மரபணுக்கள் மனிதரில் 700ஐத் தாண்டும். இப்படிக் கோத்த விரல்களோடு டி.என்.ஏ.வை வெட்டும் நொதி ஒன்றை இணைத்து, கிரிஸ்பர் என்ற இன்றைய மரபணுத் திருத்தக் கருவி வருவதற்கு முன்பே மரபணுவைத் திருத்தினார்கள்.

கரைசலில் துத்தநாகத்துக்கு நிறம் கிடையாது, அதனால் விரல் மடிவதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அதன் இடத்தில் கோபால்ட் உட்கார்ந்தால் கரைசல் நீலமாகும். காற்றுப் படாமல் விரலோடு கோபால்ட்டைக் கலந்தால் நீலம் எழும். அதில் துத்தநாகம் விட்டால், அது இன்னும் இறுக்கமாகப் பிடிப்பதால் கோபால்ட்டைத் தள்ளிவிட்டுத் தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். குழாயிலிருந்து அந்த நீலம் மறைந்துபோகும்.